புதூரில் ஒரு பிறந்த வீடு

பாலுவின் பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. எதிர்க்கடைக்காரன் புது வண்டி வாங்கினாலோ, தம்பி வீட்டுக்கு மாடி எடுத்தாலோ அவனுக்கு ஒன்றும் செய்யாது. அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான்தான் அந்த எதிர்க்கடைக்காரன், அதனால் தைரியமாகச் சொல்லலாம். அவன் வயிறு எரிந்ததெல்லாம் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற ஜேக்கப் என்கிற ஒரே ஆள் மேல்தான். அந்த ஆளோ பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், ஒரு பக்கம் தன் சொந்த நுரையீரலும் மறுபக்கம் செத்துப்போன யாரோ ஒருவரின் நுரையீரலுமாக நடமாடுகிறவர். அவரைப் பார்த்து எரிவதற்கு என்னய்யா இருக்கிறது என்று கேட்டால் பாலுவுக்குக் கோபம் வந்துவிடும்.

"உங்களுக்கு என்னண்ணே தெரியும்? காலையில எந்திரிச்சதும் என் பொண்டாட்டி முதல்ல யார்கிட்ட பேசுறா? என்கிட்டயா?"

எல்லாவற்றையும் என்னிடம் வந்து கொட்டிவிடுவான். அவன் வாயில் ஒன்றும் நிற்காது. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது.

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் பாலுவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், தாம்பாளம், கரண்டி, வாளி, ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். முன்பு கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். அவன் மனைவி அனுசுயாவுக்கு நுரையீரல் மாற்றிய பிறகு ஜமக்காளத் தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு போனான். கடையிலிருந்து போனால் கொல்லைப் பக்கமாகப் போய்க் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். இந்த ஏழு வருஷத்தில் அதில் ஒரு நாள் தவறியதில்லை. அவன் அன்பைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அன்போடு ஒட்டிக்கொண்டு வந்த எரிச்சலைத்தான் சொல்ல வருகிறேன்.

அனுசுயாவின் நுரையீரல் தேங்காய் நார் மாதிரி காய்ந்து இறுகிப்போனது. எதனால் என்று டாக்டர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினுமாக இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தாள். தலை வாருவதற்குக்கூட மூச்சு போதாது. பாலுதான் வாரிவிடுவான், பாலுதான் குளிப்பாட்டுவான், சோற்றைப் பிசைந்து ஊட்டுவான். கடைசியில் கடனை உடனை வாங்கி, மாற்று நுரையீரலுக்குப் பதிந்துவிட்டு, கூப்பிட்டால் ஓடுவதற்குத் தோதாகச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு ரூமில் போய்க் கிடந்தார்கள். அங்கேதான் ஜேக்கப்பும் அவர் மனைவி பேட்ரிசியாவும் பழக்கம். அவருக்கும் அதே வியாதி, அதே காத்திருப்பு, பக்கத்து ரூம். திருச்சிக்காரர்கள் என்று தெரிந்ததும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பாகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து போன் வந்தது. இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். கொடுத்தது யார், எந்த ஊர் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் முறை. ஆனால் வராண்டாவில் பாலுவும் பேட்ரிசியாவும் உட்கார்ந்திருந்தார்களே. வந்தது ஒரே வண்டி. அதிலிருந்து இறங்கிய பெட்டிகள் இரண்டும் அவர்கள் கண் முன்னால்தான் போயின. ஒரே ஆளுடைய வலது பக்கம் ஜேக்கப்புக்கு, இடது பக்கம் அனுசுயாவுக்கு.

இப்படி ஒன்று நடந்தால் அவர்களுக்குள் என்ன உறவு? நம் ஊரில் இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. அண்ணன் தங்கை. கண் விழித்துப் பேச முடிந்த அன்றைக்கே அனுசுயா அவரை அண்ணே என்றாள், பேட்ரிசியா அண்ணியானாள், பாலு மாப்பிள்ளையானான். அடுத்து வந்த பொங்கலுக்குப் புதூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஜேக்கப் சீர் கொண்டுவந்து இறக்கினார். கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பரங்கிக்காய், பச்சரிசி, வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெண்கலப் பானை.

"பாத்திரக்கடைக்காரன் வீட்டுக்கு வெண்கலப் பானை கொண்டாந்திருக்காருண்ணே. என்னமோ நான் பொண்டாட்டிய மண்சட்டியில பொங்க வச்ச மாதிரி," என்று அன்றைக்கே என்னிடம் வந்து ஆரம்பித்தான்.

அசல் வயிற்றெரிச்சல் பானை இல்லை. அனுசுயாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, தாய் தகப்பனும் போய்விட்டார்கள். கல்யாணமானதிலிருந்து என்ன சண்டை வந்தாலும் கோபித்துக்கொண்டு போக அவளுக்கு ஓர் இடமில்லை. மற்ற புருஷன்மார் எல்லாம் மாமனார் வீட்டு வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பாலு கதையாகச் சொல்லிச் சிரிப்பான். "எனக்கு அந்தப் பாடே இல்லண்ணே," என்பான். அப்படிப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரி ஒரு நுரையீரலோடு சேர்த்து ஒரு பிறந்த வீட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டது.

நுரையீரல் நன்றாக ஒட்டிக்கொண்டது. அனுசுயா நன்றாக இருந்தாள் என்று நான் சொன்னால், வியாதியே இல்லாதவள் மாதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையும் மாலையும் எட்டு மணிக்கு மாத்திரை, அதில் நிமிஷம் தவறக் கூடாது. தினமும் ஒரு சின்னக் கருவியை வாயில் வைத்து ஊதி எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். பச்சைக் காய் கூடாது, கடைச் சட்னி கூடாது, கோயில் தீர்த்தம் கூடாது, கூட்டம் கூடவே கூடாது. ஏகாதசிக்கு ஊரே திரண்டு வருகிற இந்த ஊரில் அவள் ரெங்கநாதரைக் கோபுரத்துக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டாள். மாத்திரையால் சர்க்கரை வந்தது, கை நடுக்கம் வந்தது. ஆனாலும் விடிகாலையில் மாஸ்க் போட்டுக்கொண்டு நாலு உத்திர வீதியும் சுற்றி வருவாள். பாதி வழியில் நின்று கோலம் போடுகிறவர்களோடு சிரித்துப் பேசிவிட்டு, பேசிக்கொண்டே நடந்தும் போவாள். நடந்துகொண்டே பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். தெருவில் உள்ளவர்களுக்கு ரவிக்கை கொக்கி வைப்பது, புடவைக்கு ஓரம் அடிப்பது என்று கைவேலையும் எடுத்துக்கொண்டாள்.

கை ஆடுகிறதால் ஊசியில் நூல் கோக்க மட்டும் வராது. அது பாலுவின் வேலை. கடைக்குக் கிளம்புமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அன்றைக்கு என்னென்ன கலர் வேண்டும் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு, வரிசையாக ஊசி கோத்துக் குத்தி வைத்துவிட்டு வருவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. தலை வாரிவிட்ட காலம் போய்விட்டது, குளிப்பாட்டிய காலம் போய்விட்டது, மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஊசி ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஒருநாள் காலையில் உட்கார்ந்தால் எல்லா ஊசியிலும் நூல் இருக்கிறது.

"யாரு கோத்தது?"

"நான்தான்."

"உனக்குத்தான் கை ஆடுமே?"

"அண்ணன் சொன்னாருங்க. மாத்திரை போட்டதும்தான் ரொம்ப ஆடுமாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி கொஞ்சம் அடங்கியிருக்குமாம். அந்த நேரமாப் பாத்துக் கோத்து வச்சுக்கன்னாரு. அவரும் அப்பதான் சவரம் பண்ணிக்கிறாராம். நேத்து சாயங்காலம் கோத்தேன், வந்துருச்சு."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பாலு கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவன், சாயங்காலம்தான் என்னிடம் வந்து கொட்டினான்.

"அவங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரு தனி பாஷைண்ணே. எவ்வளவு ஊதுன, சளி என்ன கலர், படியேறினா எத்தனாவது படியில வாங்குது, இதுதான் பேச்சு. இதுல என்ன இருக்கு அப்படிச் சிரிக்க? நான் போய் என்ன சிரிக்கிறேன்னு கேட்டா, உங்களுக்குப் புரியாதுங்கன்னுறா."

புதூருக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பும்போதெல்லாம் பாலு கையில் எடுக்கிற ஆயுதம் ஒன்றுதான். கிருமி. அவர்கள் வீட்டுக்குச் சர்ச் ஆட்கள் வந்து போகிறார்கள், எவனுக்கு என்ன சளியோ என்பான். பேட்ரிசியா டீச்சர் டியூஷன் எடுக்கிறாள், பிள்ளைகள் எல்லாம் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வரும் என்பான். அந்தத் தெருவில் புறா வளர்க்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னான். கூட்டமும் சளியும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருப்பதால் அவளால் ஒரேயடியாக மறுக்க முடியாது. வருஷத்துக்கு ஓரிரு தடவை போவதோடு சரி, மற்றபடி போன்தான்.

போன மார்கழியில், கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் பேட்ரிசியா கடைக்கு வந்தாள். மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் அண்டாக்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தான் பாலு. வருஷா வருஷம் டப்பா நிறைய கல்கலும் முறுக்கும் கொண்டுவருகிறவள், அன்றைக்கு வெறுங்கையோடு வந்து தெருவிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க டீச்சர், டீ சொல்றேன்."

"இல்லண்ணே, நான் உள்ள வரல. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

என் கடை ஓரத்தில்தான் வந்து நின்றார்கள்.

"அவருக்கு முடியலண்ணே. தீபாவளியில இருந்தே ஆக்ஸிஜன்தான். மெஷின் வாங்கி வச்சாச்சு."

"என்ன டீச்சர் சொல்றீங்க? தினமும் அனுகிட்ட பேசிட்டுத்தானே இருக்காரு?"

"பேசுறதுக்கு மின்னாடி அரை மணி நேரம் வாயத் தொறக்காம மூச்சச் சேத்து வச்சுக்குவாருண்ணே. பேசி முடிச்சா எனக்குப் பயமாயிடும், அப்படிச் சாஞ்சுடுவாரு. அவரு உடம்பு அந்த லங்ஸ ஏத்துக்க மாட்டேங்குதாம். இத்தனை வருஷம் ஏத்துக்கிட்டது, இப்ப மாட்டேங்குதாம். மருந்து மாத்திப் பாத்தாச்சு. அதோட ஒரு கிருமி வேற உள்ள உக்காந்திருக்கு. எந்த மருந்துக்கும் அடங்கல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது ஒண்ணும் செய்யாதாம். அனு மாதிரி ஆளுங்க அந்த ரூம் பக்கமே வரக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு."

பாலு கையில் ஒட்டியிருந்த புளியை வேட்டியில் துடைத்தான்.

"அனுகிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டு வரச் சொன்னாரு. ரெண்டும் ஒரே ஆளோடதுதானே, எனக்குப் போச்சுன்னா தனக்கும் போயிடும்னு நெனச்சே அது உடம்பக் கெடுத்துக்கும்னாரு. பொங்கலுக்கும் அங்க வரவிடாதீங்க. எதையாவது சொல்லி நிறுத்துங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள் திரும்பி நின்றாள்.

"எனக்கும்தாண்ணே எரிச்சலா இருக்கும். மூச்சு வாங்குதான்னு நான் கேட்டா இல்லைன்னுடுவாரு. அனு கேட்டா உள்ளது உள்ளபடி சொல்லுவாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். உங்களுக்கும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும்ணே. இப்ப அனுகிட்டயும் சொல்லாம ஒத்தையா வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதுக்கு அந்த எரிச்சலே தேவலை."

அவள் போன பிறகு பாலு என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, அவங்க சொன்னதும் முதல்ல எனக்குச் சந்தோஷம்தாண்ணே வந்துச்சு," என்றான். "அதுக்கப்புறம்தான் அழுகை வந்துச்சு. நான் என்ன ஜென்மம்ணே?" நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்குப் போய் வழக்கமான ஆயுதத்தை எடுத்தான். பொங்கலுக்குப் புதூர்ப் பக்கம் போக வேண்டாம், ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமாக இருக்கிறது என்றான். அனுசுயா சிரித்தாள். "நாம எங்க போறது? அண்ணன்தானே சீர் எடுத்துட்டு வருவாரு," என்றாள்.

போகி வரைக்கும் சீர் வரவில்லை. போகியன்று காலையில் அவளே போன் போட்டாள். பாலு வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான், அவள் பேசுவது காதில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அது என்ன சத்தம்? ... ஃபேனா? இந்தக் குளிர்ல எதுக்கு ஃபேன்? ... இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் போனைக் கிட்ட வைங்க."

பிறகு பேச்சே இல்லை. பாலு திரும்பிப் பார்த்தால், அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆக்ஸிஜன் மெஷினின் உறுமலும், மூச்சுக்கு ஒருதரம் அது புஸ்ஸென்று விடுகிற சத்தமும் இரண்டு வருஷம் ராப்பகலாக அவள் தலைமாட்டில் கேட்டவை. அவளிடம் போய் ஃபேன் என்றால் நம்புவாளா?

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

பாலுவுக்கு முகத்தை மறைக்கத் தெரியாது.

"எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் எனக்கே தெரியும். சொல்லக் கூடாதுன்னு அவருதான்..."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அனு, வேணாம். அவருக்கு உள்ள ஒரு கிருமி இருக்கு. மருந்துக்கே அடங்காத கிருமி. உன்னை மாதிரி ஆளுங்க அந்த ரூம் பக்கம் போகவே கூடாதாம். டாக்டரே சொல்லியிருக்காரு."

"ஏழு வருஷமா இதே பாட்டுதாங்க. போன தடவ புறான்னீங்க, அதுக்கு முந்தி டியூஷன் புள்ளைங்கன்னீங்க. இப்ப டாக்டரா?"

"இது நெசம்டி! சத்தியமா நெசம்!"

"அப்ப மத்ததெல்லாம்?"

அவள் மாத்திரை டப்பாவையும் இரண்டு புடவையையும் பையில் போட்டுக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, தெரு முனைக்குப் போய் ஆட்டோ ஏறினாள். ஏறும்போது, "என் பொறந்த வீட்டுக்குப் போறேன். வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

பாலு என்னிடம்தான் ஓடி வந்தான். போக மாட்டேன் என்றான், போனால் மரியாதை என்ன ஆகிறது என்றான், உடனே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று பிதற்றினான். "மரியாதை கிடக்குது, முதல்ல வண்டிய எடு," என்று நான் கத்தினேன்.

தெருவுக்குத் தெரு போகிப் புகை. மாஸ்க் போட்டிருந்தாலும் இந்தப் புகையில் போயிருக்கிறாளே என்ற கவலை வேறு. பாலு மதுரை ரோட்டில் திரும்பிப் புதூருக்குள் போனபோது, ஜேக்கப் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு அனுசுயா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாத்தின ஜன்னல். அவள் வருகிறாள் என்று தெரிந்ததுமே ஜேக்கப் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜன்னலையும் சாத்தச் சொல்லியிருக்கிறார். பேட்ரிசியா எவ்வளவு கெஞ்சியும் அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் இருமினாலே பதறுறவரு நீங்க. உங்கள நான் வந்து பாத்தா என்னண்ணே? ஒரு தடவ கதவத் தொறங்க. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு அன்னைக்கே பங்கு வச்சுக்கிட்டது. வர்றதும் ரெண்டு பேருக்கும் சேந்து வரட்டும். நான் இங்கதான் இருக்கப் போறேன்."

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பாலு வண்டியிலிருந்து இறங்கினான். சேர்ந்து வரட்டும் என்கிறாளே. அவளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துபோனது. பேட்ரிசியாவோடு கொல்லைப் பக்கம் போய், மாஸ்க் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக ஜேக்கப்பின் அறைக்குள் நுழைந்தான். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்குக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஆள், பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக... வந்தீங்களா?"

"ஆமா சார்."

"இந்த நாளுக்காகத்தான்... காத்திருந்தேன். மச்சான் வீட்டுக்கு வந்து... தலையத் தொங்கப் போட்டு நிக்கணும்ல?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. பாலு முதுகைப் பிடித்துவிட்டான். எலும்பு கையில் குத்தியது.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா சார். கிருமின்னாலே சிரிக்கிறா. அத்தனை தடவ பொய் சொல்லி வச்சிருக்கேன்."

"தெரியும். இந்தத் தெருவுல... ஏது புறா?"

பாலு தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொன்னா கேப்பா சார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அவளை அனுப்பி வைங்க."

"நான் போன்னு சொன்னா... போகாது. அழுதுக்கிட்டு அங்கயே உக்காரும். அதோட... என் மெஷின் சத்தத்தக் கேட்டுட்டுப் போச்சுன்னா, நாளைக்குத் தனக்கும் இதான்னு... தூங்காது. வேற மாதிரிதான் அனுப்பணும். நீங்க குறுக்க பேசக் கூடாது. என்னைத் தூக்கி உக்கார வைங்க."

பாலு தூக்கி ஜன்னல் பக்கமாக உட்கார வைத்தான். ஜேக்கப் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். பிறகு, ஒர்க் ஷாப்பில் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார்.

"அனு. சொல்றதக் கேளு. நமக்கு ஒரே ஆளோடது இல்ல."

மறுபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"போன தடவ சென்னைக்குப் போனப்ப... பழைய ஆள் ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். அன்னைக்கு ரெண்டு பேரு. உனக்குக் குடுத்தது ஒரு பொம்பளப் புள்ள. எனக்கு வேற யாரோ. ஒரே ஆளுன்னு... நாமளாக் கட்டிக்கிட்ட கதை. நீ யாரோ, நான் யாரோ. சீர் எடுத்துட்டு வந்ததெல்லாம்... சும்மா ஒரு ஆசைக்கு. என்னோடது கெட்டுப்போச்சு. உன்னோடதுக்கும் அதுக்கும்... ஒரு சம்பந்தமும் இல்ல. வேத்து மனுஷி இங்க உக்காந்து... என் வீட்டு வாசல்ல அழ வேண்டாம். உன் வீட்டுக்குப் போ."

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க," என்றாள் அனுசுயா. அண்ணே என்று சொல்லவில்லை.

ஜேக்கப் தலையணையில் சாய்ந்தார். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. பேட்ரிசியா ஓடி வந்து மெஷினைக் கூட்டி வைத்தாள். அவர் பாலுவைப் பார்த்து, "வயிறு குளுந்துச்சா மாப்பிள்ளை?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவனை, போங்க போங்க என்று கையாட்டி அனுப்பிவிட்டார்.

கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை, முகம் எல்லாம் கழுவி, பேட்ரிசியா கொடுத்த துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். அது ஜேக்கப்பின் சட்டை, தோள் அகலமாக இருந்தது. அனுசுயா ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மத்திய பஸ் ஸ்டாண்டு வந்தது, சத்திரம் வந்தது. கரும்புக்கட்டும் மஞ்சளும் குவித்து வைத்துக்கொண்டு ரோடெல்லாம் வியாபாரம். அவள் எதையும் பார்க்கவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியதும்தான் வாயைத் திறந்தாள்.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான். கீழே பாதி ஆறு மணல், பாதி ஆறு தண்ணீர்.

"அன்னைக்கு நீங்க வராண்டாவுலதான் உக்காந்திருந்தீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஒரே ஆளா, ரெண்டு பேரா?"

பாலு அவளைப் பார்த்தான். ரெண்டு பேர் என்று சொல்லிவிட்டால் போதும். புதூர் அதோடு முடிந்தது. இனிமேல் காலையில் எழுந்ததும் அவள் பேசுவதற்குப் பாலுவை விட்டால் ஆளில்லை. பொய் என்று யாரும் சொல்ல முடியாது, ஜேக்கப்பே சொன்ன வார்த்தை. அவளுக்கும் நல்லதுதான், அவருக்குப் போனது தனக்கும் போகும் என்கிற பயம் ஒழியும். ஏழு வருஷமாக எதைக் கேட்டு ஏங்கினானோ, அதை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"ஒரே வண்டிதான் வந்துச்சு அனு," என்றான். "நான் கண்ணால பாத்தேன். ஒரே ஆள்தான். வலது பக்கம் அவருக்கு, இடது பக்கம் உனக்கு. உன்னை அனுப்பணும்னுதான் அப்படிச் சொன்னாரு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தினமும் கேக்குற குரல்ங்க அது. அதுல பொய் வந்தா எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொல்லுவீங்கன்னுதான் எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்."

பாலு என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"திரும்பிப் போகணுமா?"

"அந்தக் கிருமி நெசமா?"

"நெசம்."

"அப்ப வேணாம். நான் நல்லா இருக்கணும்னுதானே அவ்வளவு மூச்சச் செலவழிச்சுப் பேசினாரு. வீட்டுக்கே போங்க."

அதன் பிறகு அவன் முதுகில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பாலம் முழுக்க அழுதாள், மாம்பழச் சாலை வரைக்கும் அழுதாள். ஜேக்கப்பின் சட்டை முதுகுப் பக்கம் நனைந்துபோனது. அவள் யாருக்காக அழுகிறாள் என்று பாலுவுக்குத் தெரியும்.

"அப்பவும் எரிஞ்சுதுண்ணே, பொய் சொல்ல மாட்டேன்," என்று மறுநாள் பொங்கல் அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னான். "எனக்கு ஒண்ணுன்னா இவ இப்படி அழுவாளான்னு அந்த நேரத்துலயும் ஒரு நெனப்பு வந்துச்சு."

இதைச் சொல்லும்போதே அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதான். அவனும் ஜேக்கப்புக்காகத்தான் அழுதான்.